மூன்றாவது டப்பா உப்பு

ஜூன் 4

இந்தாம்மா,

வீட்டில் உன்னை அப்படித்தானே கூப்பிடுவேன். கடிதத்தில் எப்படிக் கூப்பிடுவது என்று அரை மணி நேரம் யோசித்தேன். வேறு எதுவும் வரவில்லை.

இதை எழுதுவது நான்தான். உன் வீட்டுக்காரன். அறுபத்தெட்டு வயதுக் கொத்தனார், கைநாட்டுக்காரன். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். இந்த நாலு வரிக்கு ஒரு டீ ஆறிப்போய்விட்டது. ஆறட்டும்.

சாயங்காலம் ஆறு மணிக்குத் தலையை வாரிக்கொண்டு எங்கே போகிறீர்கள் என்று நாலு மாதமாகக் கேட்டாய். நான் "வேலை இருக்கு" என்று மட்டும் சொன்னேன். மாடி வீட்டுத் தையல்காரம்மா உன் காதில் என்ன ஓதினாளோ, நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாய். நூலகத்துக்குப் பின்னால் ஓர் அறையில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அங்கேதான் போனேன். மொத்தம் இருபத்திரண்டு பேர், நான்தான் மூத்தவன். நமக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த டீச்சர் வயதுதான் இருக்கும். "ஐயா, பேனாவை உளி மாதிரி பிடிக்காதீங்க, அது ஓடிப்போயிடாது" என்பாள். உன் பிறந்தநாளில் செய்தித்தாளைப் பிரித்து உன் எதிரில் உட்கார்ந்து உரக்கப் படித்து உன்னைத் திடுக்கிட வைக்க நினைத்திருந்தேன். நீ அதற்கு இருபது நாள் முன்னாலேயே கிளம்பிவிட்டாய்.

இப்போது எதைப் பார்த்தாலும் படிக்கிறேன். சோப்பு உறை படித்தேன். மருந்துச் சீட்டு படித்தேன். நம் தெருவுக்கு ஒரு பெயர் இருக்கிறது, உனக்குத் தெரியுமா? உனக்குத் தெரிந்திருக்கும்.

பதினோரு நாளாகக் காலையில் பன்னும் டீயும்தான். நேற்று, நீ தினம் செய்வதுபோல உருளைக்கிழங்கு வறுத்துப் பார்த்தேன். வெளியே கரி, உள்ளே கல். உப்பு எந்த டப்பாவில் என்று தெரியாமல் உப்பில்லாமலே தின்றேன். ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்திருக்கலாம்தான். ஆனால் படிக்கத் தெரிந்தவன் எதற்கு நக்க வேண்டும்? டப்பாக்களில் பொடி எழுத்தில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறாயே, அதை இன்னொரு நாள் படிக்கிறேன். இன்றைக்குக் கண் போய்விட்டது.

உருளைக்கிழங்கு எப்படி வறுப்பது என்று எழுது. நான் படித்துக்கொள்வேன்.

நான்தான்


ஜூன் 9

இதை எழுதிக் கொடுத்தவருக்கு,

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார், அவருக்கும் படித்துக் காட்டுங்கள். என் வீட்டுக்காரர் எதையும் ஒரு வரிக்கு மேல் பேசியதில்லை. "சாப்பாடு", "தண்ணி", "கதவைச் சாத்து", அவ்வளவுதான். நாற்பத்தொரு வருஷம் பேசாதவர் திடீரென்று இரண்டு பக்கம் பேசுகிறார் என்றால் நான் நம்புவதற்கு என்ன, நேற்றுப் பிறந்தவளா? எழுத்துக் கற்றுக்கொள்ளப் போகிறவர் எதற்குத் தலைக்கு எண்ணெய் தடவி, இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு போக வேண்டும்?

என் தங்கை சொல்கிறாள், "அக்கா, இது பொம்பள எழுத்து மாதிரி இல்ல, கோழி கிளறின மாதிரி இருக்கு" என்று. அவளுக்கு எப்போதும் இளகிய மனசு.

போகட்டும். மனிதர் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். உருளைக்கிழங்கை விரல் கனத்துக்கு நறுக்கவும். தண்ணீர் தெளிவாகும்வரை மூன்று முறை கழுவவும். கொதிக்கும் தண்ணீரில் போட்டு, கத்தி முனை பாதி இறங்கும்போது எடுத்து வடிக்கவும். பழைய துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தவும். இரும்புச் சட்டியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு ஒரே அடுக்காகப் போடவும், குவிக்கக் கூடாது. போட்ட பிறகு கை வைக்கக் கூடாது. அவர் கை சும்மா இருக்காது, எனக்குத் தெரியும். புதிதாகப் பூசின சுவரை அது இறுகுவதற்குள் தொடுவாரா என்று கேளுங்கள். அதேதான். ஓரம் சிவந்து தானாகச் சட்டியை விடும், அப்போது ஒரு முறை புரட்டினால் போதும். வெங்காயம் கடைசியில். மிளகுத்தூளும் உப்பும் இறக்கும்போது.

டப்பாக்களை எதற்கு நோண்ட வேண்டும்? இடது பக்கத்திலிருந்து மூன்றாவது டப்பா உப்பு. எண்ணத் தெரியும் அல்லவா? எண்ணினால் போதும்.


ஜூன் 13

இந்தாம்மா,

உன் கடிதம் நேற்று வந்தது. படித்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. யாரும் படித்துக் காட்டவில்லை. நானாகப் படித்து, நானாகத் திட்டு வாங்கிக்கொண்டேன்.

நீ நம்பவில்லை. சரி, நம்ப வைக்கிறேன். நம் சமையலறை டப்பாக்களில் என்ன எழுதியிருக்கிறது என்று இந்த உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது எனக்கும் தெரியும். இன்று காலை உருளைக்கிழங்கைத் துணியில் உலரப் போட்டுவிட்டு, மூன்றாவது டப்பாவை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கூடத்துக்கு எடுத்து வந்தேன். உப்பு என்று இருக்கும், அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று ஆசை. முதல் எழுத்து உ இல்லை. தப்பாகப் படிக்கிறேன் என்று கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடியும் இதேதான்:

"இன்றும் நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. உப்பு கூடினால் மட்டும் வாய் திறக்கிறது."

யாரோ பின்னால் நின்று பேசியதுபோல இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தேன். அடுத்த டப்பாவை எடுத்தேன். சர்க்கரை.

"தங்கை வந்தாள். அவளிடம் இரண்டு நாளும் சுவரிடம் பேசுவதுபோலப் பேசினார். மூன்றாம் நாள் கிளம்பிவிட்டாள். எனக்கு அவள் ஒருத்திதான்."

மிளகுத்தூள்:

"ஊருக்கெல்லாம் ஜன்னல் வைக்கிற கொத்தனாரிடம் என் சமையலறைக்கு ஒரு ஜன்னல் கேட்டேன். அடுப்படிக்கு எதுக்கு ஜன்னல் என்றார்."

டீத்தூள்:

"பதில் அனுப்பிவிட்டேன். வேண்டாம் என்று எழுத இரண்டு வரிதான் ஆயிற்று. அவரிடம் வரி நோட்டீஸ் என்று சொன்னேன்."

அதோடு நிறுத்திவிட்டேன். பதினோரு டப்பா வரிசையாக நின்று என்னைப் பார்த்தன. தினம் காலையில் அவற்றுக்கு எதிரில் உட்கார்ந்து தின்றிருக்கிறேன். ஒரு நாள் நீ புதிதாக ஒன்று எழுதி ஒட்டும்போது நான் பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். "என்ன எழுதுற?" என்றேன். "மிளகு" என்றாய்.

இத்தனை இருந்தும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. படித்தது திட்டுதான். ஆனாலும் ஒரு எழுத்து விடாமல் நானே படித்தேன்.

எதற்கு வேண்டாம் என்று பதில் அனுப்பினாய்? யாருக்கு? வரி நோட்டீஸ் இல்லையென்றால் அது என்ன?

இன்று உன் பிறந்தநாள். செய்தித்தாள் படித்துக் காட்ட இருந்தேன். உன் டப்பாக்களைப் படித்துவிட்டேன். உருளைக்கிழங்கு துணியிலேயே கிடந்து கறுத்துவிட்டது.

நான்தான்


ஜூன் 17

படித்துவிட்டீர்கள்.

உங்கள் கடிதத்தை வாசலில் நின்றபடி பிரித்தேன். உப்பு டப்பா வரிக்கு வந்ததும் பின்பக்கம் போய்த் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்து, "என்னக்கா, யாராவது போயிட்டாங்களா?" என்று தங்கை ஓடி வந்தாள். ஆமாம் என்று சொல்லத் தோன்றியது.

உங்களுக்கு எழுத்து வந்ததில் எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. தையல்காரம்மா பேச்சை நம்பியது என் தப்பு, அதற்கு மன்னிப்பு. ஆனால் எனக்காகக் கற்றேன் என்கிறீர்களே, எனக்கென்று இருந்தது அந்த டப்பாக்கள் மட்டும்தான். வீடு நீங்கள் கட்டியது. சட்டமும் உங்களுடையது. அந்த இரண்டங்குலக் காகிதம் என்னுடையது. வேறு யாராவது வந்தால் டப்பாக்களைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பேன். உங்கள் முன்னால் ஒரு நாளும் திருப்பியதில்லை. அவசியம் இருக்கவில்லை.

இதை எழுதும்போதே எனக்குக் கூசுகிறது. உங்களுக்குத் தெரியாது என்ற தைரியத்தில் உங்கள் மூக்குக்கு எதிரிலேயே எழுதினேன். அது நல்ல காரியம் இல்லை.

மீதி ஏழையும் படிக்காதீர்கள். டீத்தூள் டப்பாவைப் பற்றிக் கேட்காதீர்கள். நான் வருவேனா என்றும் கேட்காதீர்கள்.


ஜூன் 22

இந்தாம்மா,

மீதி ஏழையும் படிக்கவில்லை. சத்தியம். ஆனால் அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? முன்பெல்லாம் எழுத்து எறும்பு வரிசை மாதிரி இருக்கும், கண் தாண்டிப் போய்விடும். இப்போது கண் பட்டால் படித்துவிடுகிறது. நான் படிப்பதில்லை, அதுவாகப் படிக்கிறது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லா டப்பாவையும் இறக்கி, சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். வரிசை மாறிவிட்டது போலிருக்கிறது. மறுநாள் உருளைக்கிழங்கு வறுக்கும்போது மூன்றாவது டப்பாவிலிருந்து ஒரு கை அள்ளித் தூவினேன். ஆகா, என்ன பொன் நிறம்! "கொத்தனாரே, கை வந்துடுச்சு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு நிமிஷத்தில் கறுத்துப் புகைந்து சட்டியோடு ஒட்டிவிட்டது. சர்க்கரை.

அடுத்தது நல்ல செய்தி. உனக்கு ஜன்னல் வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் வேலை. அடுப்புக்கு எதிர்ச் சுவரில், ஒன்றரை அடிக்கு இரண்டடி. வயசுக்கு இது அதிகம்தான், தோள்பட்டை தனியாகக் கழன்று நிற்கிறது. ஆனால் மட்டம் பார்த்தால் நூல் பிசகாது. ஒரு சின்ன விஷயம், அந்தச் சுவருக்கு வெளியே மாடிப்படி வருகிறது என்பது இடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. தையல்காரம்மா இறங்கி வரும்போதெல்லாம் தலையை உள்ளே நீட்டுகிறாள். "என்ன கொத்தனாரே, உருளைக்கிழங்கா? கருகுதே, மூக்கு அடைச்சிருக்கா?" என்கிறாள். நீ வந்தால் ஒரு திரை போட்டுக்கொள்ளலாம்.

கேட்காதே என்றாய். ஆனாலும் அந்த இரண்டு வரிப் பதில் என் தலையை விட்டுப் போகவில்லை. யாருக்கு வேண்டாம் என்றாய்? எதுவாக இருந்தாலும் சொல். நான் தாங்குவேன்.

நான்தான்


ஜூன் 27

சுவரை இடித்தீர்களா!

நான் ஜன்னல் கேட்டது விறகடுப்பு இருந்தபோது. புகையில் கண் எரிந்து, கையால் தடவிச் சட்டியைத் தேடிய நாட்களில். இப்போது கேஸ் அடுப்பு. முப்பது வருஷம் கழித்து, நான் ஊரில் இல்லாதபோது, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், தையல்காரம்மா தலை நுழைகிற இடத்தில் ஜன்னல். உங்களுக்கு இடிக்கத் தெரியும், கட்டத் தெரியும். கேட்கத்தான் தெரியாது. தங்கையிடம் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்துச் சிரித்தேன்.

தாங்குவேன் என்கிறீர்கள். சரி, கேளுங்கள்.

நமக்குக் கல்யாணமாகி நாலாம் வருஷம். நகராட்சி அலுவலகத்தில் பதிவெழுத்தர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். அதே சமயம் உங்கள் வேலை இடத்தில் ஒரு நாள், நீங்கள் கைநாட்டு வைக்கும்போது மேஸ்திரி எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார்: "ஏம்பா, உன் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வா. அவ கையெழுத்துப் போடட்டும், நீ வீட்டுல கிழங்கு வறு." எல்லாரும் சிரித்தார்களாம், உங்களோடு வேலை பார்த்தவரின் மனைவி பிறகு சொன்னாள். நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். நான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி அடுப்பில் போட்டீர்கள். அது உருகிச் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே "சாப்பாடு" என்றீர்கள்.

நாலு நாள் கழித்துக் கடிதம் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். "என்ன கடுதாசி?" என்று கேட்டீர்கள். வரி நோட்டீஸ் என்றேன். வேண்டாம் என்று பதில் அனுப்பினேன். அன்றைக்குத்தான் முதல் டப்பாவில் எழுதினேன். உங்கள் மானத்தைக் காப்பாற்றினேன் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிகிறது. நான் உங்களுக்குப் பயந்தேன்.

காகிதம் பழுக்கப் பழுக்க அந்த இரண்டு வரியைப் புதிதாக எழுதி ஒட்டினேன். மொத்தம் ஒன்பது முறை. மற்றவற்றைக் கிழித்துப் போட்டிருக்கிறேன். அதைக் கிழிக்க மனம் வரவில்லை.


ஜூலை 9

இந்தாம்மா,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. ஒன்பது நாளும் பேனாவைத் தொடவில்லை. வகுப்புக்கும் போகவில்லை. "ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று டீச்சர் ஆள் அனுப்பிக் கேட்டாள். ஆமாம் என்று சொல்லி அனுப்பினேன்.

மேஸ்திரி சொன்னது நினைவிருக்கிறது. யார் யார் சிரித்தார்கள், யார் எங்கே நின்றார்கள், அன்றைக்கு எத்தனை வரிசை கல் ஏறியிருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது. உன் பேனாவை அடுப்பில் போட்டது நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அதுதான் என்னை உலுக்கிவிட்டது. எனக்கு நடந்ததை நாற்பது வருஷம் சுமந்திருக்கிறேன், நான் செய்ததை அன்றைக்கே இறக்கி வைத்துவிட்டேன். நீ பொய் சொல்ல மாட்டாய். அதனால் நான்தான் போட்டிருக்கிறேன்.

பக்கத்தில் படுத்திருந்தவள் எனக்குப் பயந்திருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை. நான் உன்னை அடித்ததில்லை என்று பெருமையாக இருந்தவன். அது போதும் என்று நினைத்திருந்தேன்.

மன்னித்துவிடு என்று எழுதி அடித்தேன். மறுபடி எழுதினேன். மன்னித்துவிடு. மன்னிக்காவிட்டாலும் சரி, அது உன் இஷ்டம்.

படிக்காத ஏழு டப்பாவையும் துணியில் மூட்டையாகக் கட்டிப் பரண்மேல் வைத்துவிட்டேன். உப்பு ஒரு கிண்ணத்தில் இருக்கிறது. ஜன்னலை அடைக்கவா வேண்டாமா என்று நீ சொல்கிறவரை தொட மாட்டேன்.

இன்று காலை உருளைக்கிழங்கு சரியாக வந்தது. மூன்று முறை கழுவினேன். கத்தி பாதி இறங்கியதும் வடித்தேன். சட்டியில் போட்டுவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஓரம் சிவந்தது. தானாகவே விட்டது. வாயில் போட்டால் மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய். நன்றாக இருக்கிறது என்று சத்தமாகச் சொன்னேன். அந்தச் சத்தம் எனக்கே பிடிக்கவில்லை. மேலே சாப்பிட முடியவில்லை.

"வா" என்பது ஒரே எழுத்து. நான் கற்றதிலேயே சுலபமான எழுத்து. அதை எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று நீயே சொல்.

நான்தான்


ஜூலை 14

நான் வரவில்லை.

முழுவதும் படியுங்கள், நடுவில் எழுந்து போகாதீர்கள். இந்தத் தெருமுனையில் துணி வெளுக்கிற கடை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மூட்டைக்கும் யாருடையது, எத்தனை உருப்படி, எதில் என்ன கறை என்று சீட்டு எழுதிக் கட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். உங்களுக்கு அந்த நீளக் கடிதத்தை எழுதி அனுப்பினேன் அல்லவா, அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போது அந்தக் கடைக்குள் நுழைந்துவிட்டேன். கால்தான் நுழைந்தது. மூன்றாம் தேதியிலிருந்து வேலை. அறுபத்திரண்டு வயதில்!

முதலாளி என் எழுத்தைப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கேம்மா, இதுக்கு முன்னாடி எங்க எழுதிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார். டப்பாவில் என்றா சொல்வது? வீட்டில் என்றேன். கடையில் எல்லாரும் இப்போது என்னை "சீட்டம்மா" என்கிறார்கள்.

உங்களைக் கேட்காமல் சேர்ந்தேன். கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அது தோன்றவில்லையே என்று பிறகு நினைத்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உங்கள் ஜூலை ஒன்பதாம் தேதிக் கடிதத்தைக் கடையில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். மன்னித்துவிட்டேனா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பயம் இல்லை. அது மட்டும் நிச்சயமாகத் தெரிகிறது.

இந்த வேலையை விட மாட்டேன். அதனால் அங்கே வர மாட்டேன். நீங்கள் இங்கே வருவதென்றால் வரலாம். தங்கையிடம் கேட்டுவிட்டேன், நான் கேட்பவள். "வரட்டும்க்கா, இடமா இல்ல? ஆனா காலைல அடுப்பு அவர் பொறுப்பு. நீ வேலைக்குப் போறவ, எனக்கு மூட்டு வலி" என்றாள். யாராவது பார்த்துச் சிரிப்பார்கள். மேஸ்திரி சொன்னது அப்படியே நடக்கும், மனைவி கையெழுத்துப் போடுவாள், நீங்கள் கிழங்கு வறுப்பீர்கள். முடியுமா என்று நன்றாக யோசித்து எழுதுங்கள். முடியாதென்றால் அதையும் எழுதுங்கள். சுவரை மட்டும் இடிக்காதீர்கள்.


ஜூலை 18

இந்தாம்மா,

உன் கடிதத்தை நின்றுகொண்டு பிரித்தேன். முதல் வரியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மெதுவாகப் படிக்கிறவனுக்கு இது பெரிய தண்டனை. நீ "வரவில்லை" என்று எழுதிய இடத்துக்கும் "வரலாம்" என்று எழுதிய இடத்துக்கும் நடுவில் ஒரு மணி நேரம் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரம் நான் செத்துத்தான் கிடந்தேன்.

சீட்டம்மா! இன்னும் நம்ப முடியவில்லை. நாலு முறை படித்துவிட்டேன்.

யோசித்து எழுதச் சொன்னாய். ராத்திரி யோசித்தேன். காலையில் படிக்கட்டில் தையல்காரம்மா எதிரில் வந்தாள். "என்ன கொத்தனாரே, பெட்டி எல்லாம் வெளியில இருக்கு?" என்றாள். "என் வீட்டுக்காரி வேலைக்குப் போறா. நான் சமைக்கப் போறேன்" என்றேன். மெதுவாகச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், மாடிவரை கேட்டுவிட்டது. அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. மேலே யாரோ சிரித்தார்கள். நான் நின்று, சிரிப்பு முடிகிறவரை கேட்டுவிட்டு வந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றை மட்டும் உடனே எழுது. காலையில் எத்தனை மணிக்கு நீ வேலைக்குக் கிளம்ப வேண்டும்? கழுவ, பாதி வேக வைக்க, உலர்த்த, கையைக் கட்டிக்கொண்டு நிற்க எனக்கு இன்னும் ஒன்றே கால் மணி நேரம் ஆகிறது. அதைப் பார்த்துத்தான் நான் எழுந்திருக்க வேண்டும்.